மிதித்தால் தட்ட வேண்டும்

நோரீன் முழங்கைகளை ஊன்றி உடம்பை உள்ளே இழுத்தபோது அப்பாவின் வேலை உடுப்பிலிருந்து ஒரு பொத்தான் தெறித்துப் போயிற்று. வீட்டின் பின்சுவரில், செங்கல் அடித்தளத்தில் இருந்த அந்தச் சின்னக் கதவு ஒரு நாய் நுழைவதற்குத்தான் சரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு பருத்துப்போன ஐம்பது வயதுக்காரி நுழைவாள் என்று நினைத்து அதை யாரும் வைக்கவில்லை. அவள் தம் கட்டி இன்னொரு இழுப்பு இழுத்தாள். இடுப்பு உள்ளே வந்தது.

"நோரி, சொன்னாக் கேளு. அந்தப் பொந்துக்குள்ள ஒருத்தர் செத்தது பத்தாதா?"

கதவு வழியாக அண்ணன் டர்வுட்டின் பளபளத்த கறுப்பு ஷூ மட்டும்தான் தெரிந்தது. அவன் குனியவில்லை. குனிந்தால் சர்ச்சுக்குப் போட்ட சூட் அழுக்காகிவிடும்.

"நீ போய் அம்மாகிட்ட உக்காருண்ணே. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே."

"எங்கேன்னு கேட்டா?"

"ஐஸ் வாங்கப் போயிருக்கான்னு சொல்லு."

ஷூ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போயிற்று. நோரீன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்ந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா இதே கதவு வழியாகத்தான் உள்ளே போனார். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். எழுபது தாண்டிய மனுஷன் எதற்கு அங்கே போனார் என்று துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "அது அவரு வேலை."

அது பொய்யும் இல்லை. ஆறு பெருகினால் கொல்லைவரை தண்ணீர் வந்து நிற்கும் தாழ்ந்த ஊர் அது. அங்கே வீடுகளையெல்லாம் தரையிலிருந்து முழங்கால் உயரம் தூக்கித்தான் கட்டுவார்கள். அந்த முழங்கால் உயரத்துக்குள் ஊர்ந்து போய் ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான் அப்பா லெமுவெல் பாட்ஸின் பிழைப்பு. மண்மேல் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை விரிப்பார், சுவர்வரை ஏற்றி ஒட்டுவார், காற்றுத் துவாரங்களை அடைப்பார், மூலையில் ஈரம் உறிஞ்சும் மிஷினை வைப்பார். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் அடிவயிறு அவருக்குத் தெரியும். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டுப் பூனை எங்கே குட்டி போட்டது என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவரின் சொந்த வீட்டில், இன்று காலை சர்ச் முடிந்ததும் வந்த சவ அடக்கக்காரர் பிட்மன், பெட்டி வைக்கப்போகிற முன் அறையை நடந்து பார்த்தார். அவருக்கு முப்பது வருஷ அனுபவம். ஜன்னலுக்கும் லெமுவெலின் நாற்காலிக்கும் நடுவே அவர் குதிகால் பட்ட இடத்தில் பலகை பிஸ்கட்போல உள்வாங்கியது. வெளியே வந்து, டர்வுட்டையும் நோரீனையும் காருக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"பெட்டி, உள்ள ஆளு, தூக்கறவங்க ஆறு பேரு, அப்புறம் பாக்க வர்ற ஊரு. எல்லாம் அந்தப் பலகை மேல. நான் பயப்படற ஆளில்ல. இதுக்கு பயப்படறேன்" என்றார்.

"அப்ப உங்க ஹால்லயே வச்சிடலாம்" என்றான் டர்வுட், ரொம்ப நேரம் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றாள் நோரீன்.

ஆர்டெலியா பாட்ஸிடம் போய் அப்படி ஒன்றைச் சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. அம்மாவின் அப்பாவை அந்த முன் அறையில்தான் கிடத்தினார்கள், மாமியாரையும் அங்கேதான். என் மனுஷன் கடைசி ராத்திரி வெளியாள் கூரைக்குக் கீழ் கிடக்கமாட்டான் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"வண்டி மூணு மணிக்குத்தானே? அதுவரைக்கும் டைம் குடுங்க மிஸ்டர் பிட்மன்" என்றாள் நோரீன்.

டர்வுட் அவளைத் தனியே நிறுத்தினான். "ஒண்ணு கேட்டுக்க. அந்தப் பலகை இன்னைக்கு ஒரு சத்தம் போட்டாக்கூட, நாளைக்கு அடக்கம் முடிஞ்ச கையோட அம்மா என்கூட ராலேக்கு வராங்க. வீட்டப் பூட்டிடுவேன். நானும் புள்ளதான்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ராலே நகரத்தில் அவன் வீட்டு மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத அறையில், அம்மாவை நோரீனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உள்ளே பிளாஸ்டிக் வெள்ளையாக, சுத்தமாக, அப்பாவின் கைவேலை தெரியும்படி விரிந்து கிடந்தது. ஒட்டுகள் எல்லாம் நேர்கோடு. துவாரங்கள் எல்லாம் அடைத்திருந்தன. மிஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. பார்க்கிற யாரும் நல்ல வேலை என்றுதான் சொல்வார்கள். நோரீன் டார்ச்சை மேலே திருப்பினாள். தரைப் பலகையைத் தாங்கும் சட்டங்கள் கறுத்துப் போயிருந்தன. அவற்றின் மேல் வெள்ளைப் பூசணம் பஞ்சுபோலப் படர்ந்திருந்தது. பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஒரு சட்டத்தில் குத்தினாள். கைப்பிடிவரை இறங்கியது. இழுத்தபோது ஈர மரத்தூள் அவள் முகத்தில் விழுந்தது.

இன்னொன்றைக் குத்தினாள். அதுவும் அப்படித்தான்.

"ஐயோ அப்பா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தின வருஷப் புயலில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து சட்டங்கள்வரை நனைத்துவிட்டுப் போயிற்று. அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் அப்பாவைத்தான் கூப்பிட்டது. எல்லோரிடமும் அவர் ஒரே பாட்டைத்தான் பாடினார்: இப்ப மூடாதீங்க, கட்டை காயட்டும், மாசக்கணக்கானாலும் காத்திருங்க, நனைஞ்ச கட்டைய மூடினா வீட்டுக்கு நீங்களே பெட்டி செஞ்சு ஆணி அடிக்கிற மாதிரி. ஈரம் பார்க்கும் முள்கருவியைக் கட்டையில் குத்தி, எண்ணைக் காட்டித் திட்டிவிட்டு வருவார். அவசரப்பட்டவர்களுக்கு வேலை செய்யவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். ஆனால் சொந்த வீட்டை அவர் காயவிடவில்லை. மேலே பலகை இடுக்கு வழியாக ஈரச் சேற்று நாற்றம் ஏற ஏற, அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இருமினாள். அப்பா பத்தே நாளில் எல்லாவற்றையும் மூடினார். இருமல் நின்றது. உள்ளே அடைபட்ட ஈரம் அன்றிலிருந்து சட்டங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அவ்வளவு விவரம் தெரிந்த மனுஷன் தெரிந்தே செய்த தப்பு இது.

நோரீன் மல்லாந்து கொஞ்ச நேரம் கிடந்தாள். அப்பாமேல் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

பிறகு சட்டங்களுக்கு முட்டுக்கொடுக்கும் திருகு ஜாக்கிகளைத் தேடினாள். அப்பா சும்மா இருந்திருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அடுப்புக்கு நேர் கீழே ஒன்று நின்றது, இரும்புத் தூண்போல, தலையில் தகடு வைத்து. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால், அம்மா நிற்கும் இடத்துக்கு அடியில் இன்னொன்று. முன் அறையில் அம்மாவின் நாற்காலிக்கு அடியில் ஒன்று. எல்லாம் துருப்பிடித்து இறுகிப் போனவை. சம்மட்டியால் அடித்தாலும் அசையாது. அப்பாவின் நாற்காலிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பெட்டி வரப்போகிற இடத்திலும் இல்லை. அந்தப் பக்கம் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கடை பூட்டியிருக்கும். வில்சன் டவுன்வரை போய் வாங்கி வருவதற்குள் வண்டி வந்துவிடும். நோரீன் சோர்ந்துபோய் டார்ச்சைச் சுழற்றினாள். அம்மாவின் படுக்கையறைப் பக்கம் என்னவோ மின்னியது.

ஊர்ந்து போய்ப் பார்த்தாள். புது ஜாக்கி. கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அடியில் சப்பைக் கான்கிரீட் கல், மேலே ஒரு தடிக்கட்டையைக் குறுக்கே கொடுத்து, நாலைந்து சட்டங்களைச் சேர்த்துத் தாங்கும்படி நிறுத்தியிருந்தார். கட்டிலுக்கு நேர் அடியில், அதிலும் அம்மா படுக்கும் பக்கமாக. பிளாஸ்டிக்மேல் இன்னும் அழியாத முழங்கால் தடங்கள் இருந்தன. பக்கத்தில் அவர் சுத்தியல் கிடந்தது.

அவர் கடைசியாகச் செய்த வேலை இதுதான். நோரீன் அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள், கிழிக்க மனசு வரவில்லை.

இன்று ராத்திரி அம்மா படுக்கமாட்டாள், அப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். அதனால் கட்டிலுக்கு ஒரு ராத்திரி இது தேவையில்லை. அப்படித்தான் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். மேலே சட்டங்கள் முனகின. ஜாக்கியைப் படுக்கவைத்து, தடிக்கட்டையையும் கல்லையும் பிளாஸ்டிக்மேல் தள்ளித் தள்ளி, தானும் வயிற்றால் ஊர்ந்து, முன் அறைக்கு அடியில் வந்து சேர்ந்தபோது அவள் கண்ணில் பூச்சி பறந்தது.

அப்போதுதான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. தொம், தொம். யாரோ குதிகாலால் இரண்டு தடவை மிதித்தார்கள்.

நோரீன் மூச்சை அடக்கினாள். டர்வுட் இல்லை, அது ஷூ சத்தம் இல்லை. மறுபடியும் மிதி. தொம், தொம். இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சுத்தியலை எடுத்துச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மேலே நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு காலடி மெல்ல நகர்ந்தது. ஒரு பலகை, அடுத்த பலகை, நிதானமாக அழுத்தி அழுத்தி. ஓரிடத்தில் நின்றது. அங்கே சட்டம் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தது. அந்த இடத்தில் ஒரு மிதி. இங்கே வை என்று அர்த்தம். யாரும் சொல்லித் தராமலேயே நோரீனுக்கு அது விளங்கிற்று.

அவள் கல்லை அங்கே தள்ளினாள். தடிக்கட்டையை முதுகால் முட்டுக்கொடுத்து ஏற்றினாள், ஜாக்கியை நிமிர்த்தித் திருகினாள். ஒரு கால் சுற்று, நிறுத்தம். இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாகத் தூக்கினால் மேலே சுவர் வெடிக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். மேலே இருந்தவள் அசையாமல் நின்றாள். சட்டம் நிமிர்ந்து தகட்டில் இறுகியதும், பலகையை ஒரு தடவை லேசாக மிதித்துப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டாள்.

நோரீன் வெளியே வந்தபோது அம்மா பின்படியில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு உடை, காலில் செருப்பு இல்லை. மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஐஸ் எங்க?" என்றாள்.

நோரீன் டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"உங்கண்ணன் சின்ன வயசிலேயும் பொய் சொல்லத் தெரியாதவன். ஐஸ்னு சொல்லும்போதே காது சிவந்துடுச்சு." அம்மா கைக்குட்டையில் எச்சில் தொட்டு நோரீனின் கன்னத்தில் இருந்த சேற்றைத் துடைத்தாள். "அவரு மூணு தட்டுவாரு. நீ ரெண்டு தட்டின. அப்பத்தான் நீன்னு தெரிஞ்சுது."

"அம்மா, உனக்கு இதெல்லாம்..."

"தெரியாதுன்னு நெனச்சீங்களா? யாரு மேல நின்னு மிதிச்சது இத்தன மாசமா? நான் மிதிப்பேன், எது இறங்குதுன்னு அவரு கீழ பாப்பாரு. அதுக்கப்புறம் வேலை இல்லாதப்பவும் மிதிப்பேன், உயிரோட இருக்காரான்னு பாக்க. மூணு தட்டு வரும். சில நாள் கடுப்புல நாலா தட்டுவாரு." அவள் லேசாகச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் கல்லாகிவிட்டது. "வியாழக்கிழமை மிதிச்சேன். மறுபடி மிதிச்சேன். கால் மரத்துப்போற வரைக்கும் மிதிச்சேன் நோரி."

நோரீன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நனைஞ்ச கட்டைய மூடிட்டாரும்மா."

"எனக்காக மூடினாரு. காத்திருந்தா நான் போயிருப்பேன், வீடாவது நின்னிருக்கும்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல, சாப்பிடவும் இல்ல." அம்மா கைக்குட்டையை மடித்தாள். "வியாழக்கிழமை புது ஜாக்கி வாங்கிட்டு வந்தாரு. எனக்குப் போட்டது போதும், இதையாவது உங்க நாற்காலிக்கு அடியில போடுங்கன்னு சண்ட போட்டு அனுப்பினேன். சரி ஆர்டின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. காலையில பிட்மன் கால் வச்சதும் பலகை இறங்கிச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்க போடலன்னு." அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "எங்க இருந்துச்சு?"

கட்டிலுக்கு அடியில், உன் தலைமாட்டுக்கு நேரே என்று சொன்னால், சண்டை போட்டு அனுப்பியவளுக்கு அது எப்படி இறங்கும் என்று நோரீனுக்குத் தெரியவில்லை.

"கதவுகிட்டயே கிடந்துச்சும்மா. தூக்கிட்டுப் போக முடியல போலிருக்கு."

அம்மா அவள் காதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "போய்க் குளி. பொணத்துக்கு முன்னாடி நீ நாறுற."

மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பிட்மன் முன்னால் நடந்து, சக்கரம் வைத்த தாங்கியை அம்மா காட்டிய இடத்தில் விரித்தார். பெட்டி இறங்கும்போது நோரீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். டர்வுட் பலகையையே பார்த்தான். பலகை ஒரு தடவை செருமியது. அதற்கப்புறம் சத்தமில்லை. பிட்மன் குதிகாலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, நோரீனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

சாயங்காலம் ஊர் வந்தது. பன்றித்தொடையும், உருளைக்கிழங்கு சாலடும், கேக்குகளும் சமையலறை மேஜையில் குவிந்தன. அப்பாவின் முகம் சவரம் செய்து, பவுடர் பூசி, அவர் ஆயுசில் ஒருநாளும் இல்லாத சுத்தத்தோடு இருந்தது. நகத்துக்கு அடியில் இருந்த கறுப்பை மட்டும் பிட்மனால் எடுக்க முடியவில்லை. நோரீன் அந்த நகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தவர்களையெல்லாம் ஆட்டுவித்தாள்.

"யூலா, நடுவுல நிக்காதே, சுவரோரமா வா."

"ஏன் மிஸ் ஆர்டெலியா, நான் அவரச் சரியாப் பாக்கவேண்டாமா?"

"உன் கல்யாணத்துல தின்னது இன்னும் உன் இடுப்புல இருக்கு. அங்க நின்னாலே அவருக்கு நீ தெரிவ."

துக்க வீட்டில் சிரிப்பு எழுந்தது. பக்கத்து வீட்டு யூலாவும் சிரித்துக்கொண்டே சுவரோரம் போனாள். இப்படி ஒவ்வொருவராக, நாற்காலி போட்டும், வாயால் விரட்டியும், நடுப்பலகையில் இரண்டு பேருக்குமேல் சேரவிடாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். பாட்டுப் பாட வந்த சர்ச் பெண்களைத் தாழ்வாரத்திலேயே நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்தே பாடச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் கிழவிக்கு ஒரு பிடிவாதம் என்று நினைத்திருப்பார்கள். டர்வுட்டுக்கு மட்டும் புரிந்தது. அவன் சமையலறைக்கு வந்து, நோரீன் பக்கத்தில் நின்று, பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"நமக்கு முன்னாடியே."

அவன் ஒரு தட்டைத் துடைத்தான். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தான். "எத்தன நாளைக்கு நோரி? ஒரு வருஷம்? ஒரு மழைக்காலம்? கீழ பூரா போயிடுச்சுன்னு உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"நான் கெட்டவன் இல்ல."

"நீ கெட்டவன்னு யாருண்ணே சொன்னா?"

அவன் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டான். அப்பா செத்ததிலிருந்து அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. நோரீன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், அம்மாவுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று.

மறுநாள் காலை அப்பாவைக் கொண்டுபோய்ச் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மேட்டில் புதைத்தார்கள். ஊரிலேயே காய்ந்த மண் அது ஒன்றுதான். குழியில் இறக்கும்போது நோரீன் குனிந்து மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்ததற்காக வெட்கமும் வந்தது.

டர்வுட் ராலே பேச்சை எடுக்கவே இல்லை. வீடு திரும்பியதும் அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ராத்திரி முழுக்க விழித்த கண்.

"படுக்கணும்" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. படுக்கை விரிப்ப மாத்திடறேன். முதல்ல சூப் குடி. யூலா அக்கா, குடுங்க அவங்களுக்கு."

அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். நோரீன் கட்டில் விரிப்பைத் தொடவில்லை. பின்பக்கமாக நழுவி, கல்லறைக்குப் போட்ட உடைமேலேயே அப்பாவின் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் கதவுக்குள் புகுந்தாள். முன் அறைக்கு அடியில் திருகைக் கழற்றினாள். சட்டங்கள் பழையபடி தொங்கின. தொங்கட்டும், இனி அங்கே உட்கார ஆள் இல்லை. ஜாக்கியையும் கல்லையும் தடிக்கட்டையையும் அவர் முழங்கால் தடங்கள் காட்டிய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். கல்லை வைத்தாள், கட்டையை ஏற்றினாள், திருகினாள். கட்டை சட்டங்களைத் தொட ஒரு நூல் இடைவெளி இருக்கையில் மேலே காலடி கேட்டது.

செருப்பில்லாத கால். முன் அறைக்குப் போயிற்று. பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே மிதிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, திரும்பி, உள்நடை வழியாகப் படுக்கையறைக்குள் வந்தது. கட்டிலைச் சுற்றி வந்து, நோரீனின் முகத்துக்கு நேர் மேலே நின்றது.

தொம், தொம்.

நோரீன் அசையவில்லை. ஜாக்கியைப் பற்றித் தான் சொன்ன பொய் எங்கே இருக்கிறது என்று அம்மாவின் கால் கண்டுபிடித்துவிட்டது. சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. மூன்று தட்டலாம். அந்த மூன்று அவளுடையது இல்லை. தட்டாமலே இருக்கலாம். வியாழக்கிழமையும் இப்படித்தான் நின்றாள் அம்மா, கால் மரத்துப்போகிறவரை.

அவள் இரண்டு தட்டினாள்.

தூரத்தில் யூலா கிண்ணம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிஷின் உறுமிவிட்டு நின்றது. பிறகு கட்டில் ஸ்பிரிங் முனகியது, ஒரு பக்கமாக, மெதுவாக, முழு உடம்பும் சாய்கிற முனகல். கறுத்த சட்டங்கள் ஒரு நூல் கீழே இறங்கி, ஜாக்கியின் தலையில் உட்கார்ந்தன.